நீலகிரி மலை ஆட்டமும் கதையும்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினோரு வருடமாக, லீவு கிடைக்கும் நாட்களில், நீலகிரியின் ஆட்டக்காரர்களையும் கதை சொல்லும் பெரியவர்களையும் பள்ளி, கல்லூரிகளுக்கு அழைத்துப் போய் வருகிறேன். சம்பளமில்லாத வேலை. வண்டி பேசுவது, மேடைக்காரர்களிடம் சண்டை போடுவது, டீ வாங்கிக் கொடுப்பது எல்லாம் அதில் அடக்கம். எங்கே போனாலும் அதே கேள்விகள் வருகின்றன. ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்ததை, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தருகிறேன்.

நீங்க எந்த இனம்? நீங்களும் ஆடுவீங்களா?

நான் தோடரும் இல்லை, கோத்தரும் இல்லை, படுகரும் இல்லை. குன்னூரில் வளர்ந்தவள், இப்போது கோவையில் வேலை. படுகர் கல்யாண வீட்டில் வட்டத்துக்குள் இழுத்துவிட்டால் ஆடுவேன், கால் தப்பும், எல்லாரும் சிரிப்பார்கள். மேடையில் ஆட மாட்டேன். எனக்குத் தெரிந்தது நடுவில் நின்று பேசுவது மட்டும்தான்.

நீலகிரி பழங்குடி நடனம்னா எல்லாம் ஒண்ணுதானே? வட்டமா நின்னு சுத்துவாங்க, அதானே?

வட்டம் என்பது சரி. அதோடு ஒற்றுமை முடிந்துவிடும். நீலகிரியில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு பழங்குடிகள். இவர்களோடு படுகர்களும் இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் மொழி வேறு, சாமி வேறு, ஆடும் காரணமும் வேறு.

தோடர் ஆண்கள் பூத்துக்குளி என்ற போர்வையைப் போர்த்திக்கொண்டு வட்டமாக நின்று மெதுவாக அடி எடுத்து வைப்பார்கள். மேளம் இருக்காது. வாயால் வரும் பாட்டும் ஓசையும்தான் தாளம். முதல்முறை பார்ப்பவர்கள் "எப்போ ஆரம்பிக்கும்?" என்று என்னிடம் கேட்பார்கள், அது ஆரம்பித்துப் பாதி ஆகியிருக்கும். கோத்தர் ஆட்டத்துக்கு வாத்தியம் உயிர். குழலும் பறையும் முன்னே போக, கால் அதற்குப் பின்னே போகும். இருளர் ஆட்டம் வேகமானது. கல்யாணத்துக்கும் ஆடுவார்கள், சாவு வீட்டிலும் ஆடுவார்கள். படுகர் ஆட்டம் நிதானமாகத் தொடங்கிப் போகப் போகச் சூடு பிடிக்கும். சிறுசு, பெருசு என்று எல்லாரும் வந்து சேர வட்டமும் பெரிதாகிக்கொண்டே போகும். இந்த நான்கையும் ஒரே பேனரில் "பழங்குடி நடனம்" என்று எழுதினால், பரதநாட்டியத்தையும் கரகாட்டத்தையும் சேர்த்து "சமவெளி நடனம்" என்று எழுதுவது மாதிரி ஆகும்.

படுகர் பழங்குடி இல்லையா? அப்போ ஏன் அவங்க ஆட்டத்தையும் சேர்த்துக் காட்டறீங்க?

அட்டவணைப் பழங்குடிப் பட்டியலில் படுகர் இல்லை. சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை நீண்ட காலமாக இருக்கிறது. அந்த வாதத்துக்குள் நான் போவதில்லை. ஆனால் மலையின் ஆட்டத்தைப் பேசும்போது அவர்களை விட்டுவிட முடியாது. தோடர் எருமை மேய்த்தார்கள், நெய் கொடுத்தார்கள். கோத்தர் இரும்புக் கருவியும் மண்பானையும் செய்தார்கள், வாத்தியம் வாசித்தார்கள். படுகர் பயிர் செய்து தானியம் கொடுத்தார்கள். குறும்பர் தேனும் காட்டுப் பொருளும் கொண்டுவந்தார்கள். படுகர் வீட்டு விசேஷத்துக்கும் சாவுக்கும் பல தலைமுறைகளாகக் கோத்தர்தான் வாசித்தார்கள். ஒருவர் ஆட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அடுத்தவர் வாத்தியம் அதில் வந்துவிடும்.

இலை கட்டி, இறகு வெச்சு, முகத்துல கோடு போட்டு வருவாங்களா? அந்த டிரஸ்ஸை அவங்களே கொண்டுவருவாங்களா?

அந்த டிரஸ் சினிமா கம்பெனியில் இருக்கிறது, மலையில் இல்லை. நீலகிரிக் குளிரில் இலையைக் கட்டிக்கொண்டு நின்றால் ஆட்டம் வராது, காய்ச்சல்தான் வரும்.

தோடர் பூத்துக்குளி கெட்டியான வெள்ளைத் துணி. அதில் சிவப்பும் கறுப்புமாக அவர்கள் பெண்கள் போடும் பூவேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. படுகர் விசேஷம் என்றால் கூட்டமே வெள்ளையாக இருக்கும், ஆண்களுக்குத் தலைப்பாகை உண்டு. ஒரு பள்ளியில் ஏற்கனவே இலைப் பாவாடை தைத்து வைத்துவிட்டு, "இதைப் போட்டுக்கச் சொல்லுங்க" என்று என்னிடம் நீட்டினார்கள். வந்திருந்த பெரியவர் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆட்டுக்குப் போடலாம்" என்றார். போர்த்துவதைச் சொன்னாரா, தின்னப் போடுவதைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

அந்த ஊதறது நாதஸ்வரம் மாதிரியே இருக்கே?

உறவுதான். கோத்தர் அதைக் 'கொள்' என்பார்கள். சீவாளி வைத்து ஊதும் குழல், நாதஸ்வரத்தைவிடச் சின்னது, குரல் கூர்மையாக இருக்கும். ஊதுபவர் மூச்சு விடுவதே தெரியாது. மூக்கால் இழுத்துக்கொண்டே கன்னத்தில் தேக்கிய காற்றை வெளியே விடுவார், ஓசை அறுபடாது. மாணவர்களிடம் ஒரு ஸ்ட்ராவும் ஒரு டம்ளர் தண்ணீரும் கொடுத்து, குமிழி நிற்காமல் ஊதச் சொல்வேன். அரை நிமிடத்தில் அவர்களுக்கு மரியாதை வந்துவிடும். கூடவே 'கொப்' என்ற வளைந்த கொம்பு, 'தபட்க்' என்ற வட்டப் பறை, உருளை மேளங்கள் எல்லாம் இருக்கும்.

இருளரிடம் குழலும் தவிலும் பறையும் ஜால்ராவும் சேர்ந்து வரும். தோடரைப் பற்றி மேலேயே சொன்னேன், அவர்களுக்குக் குரல்தான் வாத்தியம். அவர்களுடைய சாவுச் சடங்குக்கும் ஒரு காலத்தில் கோத்தர் போய் வாசித்திருக்கிறார்கள்.

பாட்டுல என்ன சொல்றாங்க? ஒரு வார்த்தைகூடப் புரியலையே. தமிழ்தானே?

தமிழ் இல்லை, தமிழின் சொந்தக்காரர்கள். தோட மொழி, கோத்த மொழி, இருளர் மொழி எல்லாம் தென் திராவிட மொழிகள். படுகர் பேசும் படுகு கன்னடத்துக்கு நெருக்கம். இருளர் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டால் தமிழ் காதுக்கு ஒன்றிரண்டு சொல் பிடிபடும். தோடர் பாட்டு பிடிபடாது, அதற்காக வருத்தப்பட வேண்டாம். தோட மொழி தெரிந்த சின்னப் பையன்களுக்கே பாட்டு முழுதும் புரியாது.

அதற்குக் காரணம் இருக்கிறது. தோடர் பாட்டில் எதையும் ஒரு தடவை சொல்லி விட மாட்டார்கள், ஜோடியாகச் சொல்வார்கள். ஓர் எருமையின் பெயர் வந்தால் இணையாக இன்னோர் எருமையின் பெயர் வரும். ஓர் இடத்தைச் சொன்னால் அதற்குத் துணையாக ஓர் இடம். எதற்கு எது ஜோடி என்பது முன்னோர் வழி வந்த வழக்கு, பாடுபவர் இஷ்டம் இல்லை. ஆனால் அந்த ஜோடிகளை வைத்து அன்றைக்கு நடந்த விஷயத்தை அங்கேயே பாட்டாகக் கட்டுவார்கள். நேரடியாகச் சொல்லாமல் சுற்றிச் சொல்வதுதான் அழகு. ஒருமுறை நாங்கள் போன வேன் மலைப்பாதையில் நின்றுவிட்டது. இரண்டு மணி நேரம் கழித்து வண்டி கிளம்பியபோது, எங்களோடு வந்த பெரியவர் அந்த வேனைப் பற்றி ஒரு பாட்டு முடித்து வைத்திருந்தார். டிரைவரை எதற்கு ஜோடி சேர்த்தார் என்று கேட்டேன், சிரித்தாரே தவிரச் சொல்லவில்லை.

கதை எதைப் பத்தி இருக்கும்? சின்னப் பசங்களுக்குச் சொல்லலாமா?

சொல்லலாம். பிள்ளைகள் எங்களைவிட நன்றாகக் கேட்பார்கள். தோடர் கதை ஒன்றில், தெய்வம் மண்ணுக்குள்ளிருந்து எருமைகளை ஒவ்வொன்றாக வெளியே வரவழைக்கிறது. கடைசி எருமையின் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதன் வருகிறான், அவன்தான் முதல் தோடன். மனிதன் எருமையின் வாலில் தொற்றிக்கொண்டு உலகத்துக்கு வந்தவன் என்றதும் வகுப்பே சிரிக்கும். யாருக்கு யார் பெரியவர் என்ற பேச்சு பிறகு தானாக வரும்.

கோத்தர் கதையில் ஒரு கருப்புப் பசு முன்னே நடக்கிறது, மக்கள் பின்னாலேயே போகிறார்கள். அது குளம்பை ஊன்றிக் காட்டிய இடங்களில் ஊர் அமைகிறது. கோத்தருக்கு ஏழு ஊர்கள், இன்றும் அந்த ஏழுதான். படுகரிடம் ஹெத்தை கதை இருக்கிறது. ஹெத்தை என்றால் பாட்டி, குலத்துக்கே மூத்தவள். சாதாரணப் பெண்ணாக வாழ்ந்து தெய்வமானவள். அவள் கதை ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். எது சரியான கதை என்று கேட்கிறார்கள். எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறீர்களோ, அந்த ஊர்க் கதை சரி.

கதைதானே, நீங்களே தமிழ்ல மொழிபெயர்த்துச் சொல்லிடலாமே? அவங்களை எதுக்கு அவ்வளவு தூரம் கூட்டிட்டு வரணும்?

ஆரம்பத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன், சொல்லியும் பார்த்தேன். கருப்புப் பசுக் கதையை நான் சொன்னால் நான்கு நிமிடம். கோத்தகிரிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் சொன்னால் நாற்பது நிமிடம். பசு நின்ற ஒவ்வோர் இடத்திலும் எந்தத் திசையில் எந்த மலை தெரிந்தது, அங்கே யார் வீட்டு ஆட்கள் நின்றார்கள் என்று கையை நீட்டி நீட்டிக் காட்டுவார். கான்கிரீட் சுவரைத்தான் காட்டுகிறார், ஆனால் அவர் கண்ணுக்கு மலை தெரிகிறது. அதை எப்படி மொழிபெயர்ப்பது?

இப்போது என் வேலை, அவர் ஒரு மூச்சு சொன்னதும் அதைத் தமிழில் ஒரு வரியாகச் சொல்வது. சில இடத்தில் "இதைச் சொல்லாதே" என்று கண்ணைக் காட்டுவார். விட்டுவிடுவேன்.

இதெல்லாம் சங்க இலக்கியத்துல வர்ற குரவைக் கூத்துதானே?

தமிழாசிரியர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி. ஆசை எனக்கும் உண்டு. குறிஞ்சி நிலம், கைகோத்து வட்டமாக ஆடுவது, முருகனுக்கு மலைமக்கள் ஆடியது என்று எல்லாம் பொருந்தி வருகிற மாதிரி இருக்கும். திருமுருகாற்றுப்படை, குன்றகச் சிறுகுடியில் தேக்கள் தேறல் என்ற தேன் கள்ளைக் குடித்துத் தொண்டகச் சிறுபறைக்குக் குரவை ஆடியதைச் சொல்கிறது. சிலப்பதிகாரத்தில் வஞ்சிக் காண்டம் தொடங்குவதே குன்றக்குரவையில்தான்.

ஆனால் கைகோத்து வட்டமாக ஆடுவது உலகத்தில் பல இடங்களில் இருக்கிறது. அந்த ஒற்றுமையை வைத்து இரண்டாயிரம் வருடத்துக்கு ஒரே கோடு இழுக்க முடியாது. அதோடு, "நீங்கள் ஆடுவது எங்கள் பழைய ஆட்டம்" என்று அவர்களிடம் சொல்வதில் ஒரு சங்கடம் இருக்கிறது. கோத்தர் ஆட்டம் கோத்தருடையது. பாடம் நடத்தும்போது குன்றக்குரவையைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள், நன்றாக இருக்கும். ஒன்றாக்கிவிடாதீர்கள்.

ஆண்கள் மட்டும்தான் ஆடறாங்க. பெண்கள் ஆடக் கூடாதா?

நீங்கள் பார்த்தது தோடர் குழுவாக இருக்கும். அங்கே வட்டம் ஆண்களுடையது, கோயில் பக்கமும் பெண்கள் போக மாட்டார்கள். பெண்களுக்குப் பாட்டு உண்டு. கோத்தரின் சாமித் திருவிழாவில் முதலில் பல நாள் ஆண்கள் ஆட, முடியும் தறுவாயில் பெண்கள் ஆடுவார்கள். அது இல்லாமல் திருவிழா நிறைவு பெறாது. இருளரில் இரண்டு பேரும் ஆடுவார்கள். ஆக, ஒரே பதில் கிடையாது.

தோடர் வழக்கு சரியா தப்பா என்று கல்லூரிப் பெண்கள் என்னிடம் கேட்பார்கள். எனக்கும் கேள்விகள் இருக்கின்றன. அதை அந்தச் சமூகத்துப் பெண்கள் தங்களுக்குள் பேசுகிறார்கள், நான் மைக்கில் தீர்ப்புச் சொல்வதற்கில்லை.

எங்க ஆண்டு விழாவுல ஒரு ஆறு நிமிஷம் ஸ்லாட் இருக்கு. ஒரு அயிட்டம் பண்ணித் தர முடியுமா?

முடியாது. ஒருமுறை ஒப்புக்கொண்டு பட்ட அவமானம் போதும். ஒரு கல்லூரியில், காலை நான்கு மணிக்கு மலையிலிருந்து கிளம்பி வந்தவர்களை மாலை ஆறு வரை ஒரு வகுப்பறையில் உட்கார வைத்தார்கள். மேடையேறி, ஆட்டம் சூடு பிடிக்கும் நேரத்தில் மைக்கை அணைத்து அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். திரும்பும்போது வண்டியில் யாரும் பேசவில்லை.

இப்போது என் நிபந்தனை இதுதான்: குறைந்தது ஒன்றரை மணி நேரம், மேடை வேண்டாம், மைதானமோ முற்றமோ போதும். பார்ப்பவர்கள் சுற்றி நிற்கலாம். மேடையில் ஏற்றினால் வட்டத்தில் பாதிப் பேர் பார்வையாளர்களுக்கு முதுகு காட்டுவார்கள். உடனே யாராவது ஓடிவந்து "அரைவட்டமா நில்லுங்க" என்பார்கள். அரைவட்டத்தில் இந்த ஆட்டம் நகராது.

யூடியூப்ல பார்த்து எங்க டான்ஸ் மாஸ்டரே பசங்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாமா?

படுகர் ஆட்டத்தைக் கல்யாணத்தில் விருந்தாளிகளும் ஆடுகிறார்கள், அதைப் பழகுவதில் பெரிய தடை இல்லை. படுகர் நண்பர் ஒருவரைக் கூப்பிட்டுக் கற்றுக்கொள்ளுங்கள், சந்தோஷமாக வருவார்கள். மற்றவை அப்படி இல்லை. சில ஆட்டம் சாமிக்கு ஆடுவது, சில மெட்டு ஒரு குறிப்பிட்ட நாளுக்கு மட்டும் உரியது. வீடியோவைப் பார்த்தால் அந்த வித்தியாசம் தெரியாது. எது என்னவென்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்டுவிட்டு ஆரம்பிப்பதுதான் ஒரே வழி. "வேண்டாம்" என்றால் வேண்டாம்தான்.

வீடியோ எடுக்கலாமா? ரிங்டோன் மாதிரி வெச்சுக்கலாமா?

முதலாவதற்கு, கேட்டு எடுக்கலாம். இரண்டாவதற்கு, என் கதையைக் கேளுங்கள். கோத்தர் மெட்டுகளில் சாமிக்கு வாசிப்பது, ஆட்டத்துக்கு வாசிப்பது, சாவுக்கு வாசிப்பது என்று மூன்று வகை உண்டு. எனக்கு இது தெரியாத காலத்தில், ஒரு மெட்டு மனதை அறுத்தது, போனில் பதிவு செய்து வைத்திருந்தேன். ஒரு நாள் ஒரு பெரியவர் வீட்டில், "இது எவ்வளவு நல்லா இருக்கு பாருங்க தாத்தா" என்று அதைப் போட்டேன். வீட்டில் எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள். அவர் வந்து போனை என் கையோடு சேர்த்து மூடினார். அது சாவு மெட்டு. வீட்டுக்குள் அது ஒலிக்கக் கூடாது. திட்டவில்லை, காப்பி கொடுத்தார். எனக்குத்தான் உள்ளே இறங்கவில்லை.

அன்றிலிருந்து, வருகிற குழுவிடம் எதை வாசிப்பீர்கள் என்று கேட்பேனே தவிர, இதை வாசியுங்கள் என்று சொல்வதில்லை. நீங்களும் "அந்த சோகமா ஒண்ணு இருக்குமே, அதை வாசிங்க" என்று கேட்காதீர்கள்.

எவ்வளவு கொடுக்கணும்? கலைச்சேவைன்னு சும்மா வருவாங்களா?

சும்மா உழைப்பது நான் மட்டும்தான். வருகிறவர்கள் தேயிலைத் தோட்டத்திலோ, காய்கறித் தோட்டத்திலோ, ஆபீஸிலோ ஒரு நாளை, பல சமயம் இரண்டு நாளை விட்டுவிட்டு வருகிறார்கள். இரண்டு நாள் கூலி, அதற்கு மேல் ஆட்டத்துக்கான பணம், போகவர வண்டி, சாப்பாடு, இரவாகிவிட்டால் தங்க இடம். பணத்தை அன்றைக்கே, குழுவின் கையில் கொடுக்க வேண்டும். என் கையில் கொடுக்கக் கூடாது. சால்வையும் ஷீல்டும் பணத்துக்குப் பதில் ஆகாது. ஷீல்டை வைக்க அந்த வீடுகளில் இடமில்லை.

திருவிழாவுக்கே வந்து நேர்ல பார்க்கலாமா?

டிசம்பர், ஜனவரிதான் மலையில் விழாக் காலம். கோத்தகிரி பக்கம் பேரகணியில் நடக்கும் ஹெத்தையம்மன் விழாவுக்குப் படுகர் கூட்டம் ஆயிரக்கணக்கில் வரும், வெளியாட்களும் போகலாம். செருப்பு, கேமரா விஷயத்தில் அங்கே சொல்வதைக் கேளுங்கள். ஊட்டி அருகே முத்தநாடு மந்து என்ற தோடர் குடியிருப்பில் அவர்கள் விழாவும் அந்தச் சமயத்தில்தான். ஆண்கள் ஆடிப் பாடி, வழவழப்பான கல்லைத் தூக்கிப் பலம் காட்டுவார்கள். கோயிலைச் சுற்றியிருக்கும் கல்சுவரைத் தாண்டி உள்ளே போகக் கூடாது, அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதற்காகச் சுவரில் ஏறவும் கூடாது. (ஏறுகிறார்கள், அதனால் சொல்கிறேன்.) கோத்தரின் சாமிகளான அய்யனோர் அம்மனோர் திருவிழாவுக்கு அந்த ஊர்க்காரர் யாராவது உங்களைக் கூப்பிட்டிருந்தால் போங்கள்.

மற்ற நாட்களில் ஊட்டிக்கு வந்தால், முத்தோரை பாலாடாவில் பழங்குடியினர் ஆய்வு மையம் இருக்கிறது. அங்குள்ள அருங்காட்சியகத்தைப் பாருங்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் வாத்தியத்துக்கும் சூடேறிய பறைக்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் பெயர் தெரிந்துகொள்ளலாம்.

எழுத்து இல்லாத மொழி. எழுதி வைக்கலேன்னா எல்லாம் அழிஞ்சிடாதா?

எழுதி வைத்திருக்கிறார்கள். எமனோ என்ற மொழியியலாளர் 1935 முதல் மூன்று வருடம் இந்தியாவில் இருந்து, தோடர் பாட்டுகளையும் கோத்தர் கதைகளையும் சொல்லுக்குச் சொல் எழுதினார். கோத்தக் கதைகள் 1944 முதல் 1946 வரை வெளிவந்தன, தோடர் பாட்டுகள் 1971இல் தடித்த புத்தகமாக வந்தன. கோத்தக் கதைகளை அவருக்குச் சொன்னவர் சுள்ளி என்ற கோத்தர். அவர் இல்லாமல் அந்தப் புத்தகம் இல்லை.

ஆனால் புத்தகத்தைப் பார்த்து யாரும் ஆடக் கற்றுக்கொள்ளவில்லை. தோடரும் கோத்தரும் எண்ணிக்கையில் சில ஆயிரம் பேர்தான். படித்த பிள்ளைகள் பெங்களூருக்கும் கோவைக்கும் போகிறார்கள். விழாவுக்கு லீவு கிடைத்தால் வருகிறார்கள், வந்தால் ஆடுகிறார்கள். என்னைக் கேட்டால், விழாவுக்கு லீவு கொடுக்கிற முதலாளி பத்துப் புத்தகத்துக்குச் சமம்.

இப்பல்லாம் கீபோர்டு வெச்சு, சினிமா மாதிரி பாட்டு போடறாங்களே. கெட்டுப்போச்சு இல்ல?

படுகர் கல்யாணத்தில் கீபோர்டு வந்து வருடக்கணக்காகிறது. வட்டம் உடையவில்லை, இன்னும் பெரிதாகியிருக்கிறது. அட்டப்பாடி இருளர் பாடகி நஞ்சியம்மா மலையாளப் படத்தில் தன் மொழியில் பாடி, 2022இல் அறிவித்த தேசிய விருதை வாங்கினார். அதன் பிறகு, இருளர் மொழியில் பாட வெட்கப்பட்ட பிள்ளைகள் என் முன்னால் தைரியமாகப் பாடுகிறார்கள். எனக்குக் கீபோர்டு சத்தம் பிடிக்காது. அது என் காது, அவர்கள் கல்யாணம்.

நானும் உங்களோட தன்னார்வலரா வரலாமா? என்ன தெரிஞ்சிருக்கணும்?

வரலாம். ஆடத் தெரிய வேண்டாம். முதல் வருடம் சுமை தூக்கும் வேலைதான் இருக்கும். பெரியவர்களை அண்ணா, அக்கா, தாத்தா, பாட்டி என்று கூப்பிடுங்கள், "ஆர்டிஸ்ட்" என்று கூப்பிடாதீர்கள். கேள்வி கேட்பதைக் குறைத்து, பக்கத்தில் உட்காருங்கள். மேலே சொன்ன பணம், நேரம், மெட்டு விஷயங்களை மறக்காதீர்கள்.

அப்புறம் ஒன்று. பறைத் தோல் ஈரத்தில் தளர்ந்துவிடும், ஆடுவதற்கு முன் நெருப்பில் காட்டிச் சூடேற்ற வேண்டும். பள்ளிக்கூட வளாகத்தில் நெருப்பு மூட்ட யாரும் சுலபமாக அனுமதி தருவதில்லை. அனுமதி வாங்குவது, காய்ந்த சருகும் சுள்ளியும் பொறுக்குவது, பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் வைப்பது மூன்றும் புதிதாக வருகிறவர் பொறுப்பு. தீப்பெட்டியை வீட்டிலிருந்தே கொண்டுவந்துவிடுங்கள், போன முறை மறந்துவிட்டோம்.